நான் அமுக்கல

ஜன்னலோர வரிசையில் முதல் திரை மாறியதை கரோலின் பார்த்தாள். கேள்வி மறைந்தது. வெள்ளைத் திரையில் பச்சை எழுத்தில், ‘தங்கள் தேர்வு சமர்ப்பிக்கப்பட்டது. நன்றி’ என்று வந்தது. அதற்குப் பின்னால் இருந்த கணினியிலும் அதே நன்றி. அதற்கும் பின்னால் இருந்ததிலும். வரிசை முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் மறைந்துகொண்டே போயின. தேர்வு ஆரம்பித்து இன்னும் பாதி நேரம்கூட ஆகவில்லை.

கரோலின் திருவொற்றியூரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகப் பொறுப்பாளர். வீடு ராயபுரத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரி தன் ஆய்வகத்தை ஆன்லைன் தேர்வுகளுக்கு வாடகைக்கு விடும். அன்றைக்கு நடந்தது மத்திய அரசுத் துறை ஒன்றின் டெக்னீஷியன் வேலைக்கான தேர்வு. இடமும் கணினிகளும் கல்லூரியுடையவை. நடத்துவது வெளியிலிருந்து வரும் ஒரு நிறுவனம். அவர்கள் வந்துவிட்டால் ஆய்வகம் அவர்கள் கைக்குப் போய்விடும். கரோலின் பின்சுவர் ஓரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். மின்சாரம் போனாலோ மௌஸ் வேலை செய்யாவிட்டாலோ கூப்பிடுவார்கள். மற்றபடி எதையும் தொடக் கூடாது.

அந்த வரிசைக் கணினிகளின் சங்கதி அவளுக்கு நன்றாகத் தெரியும். கணினிக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். ஜன்னலோரம் இருந்தவை கல்லூரியிலேயே மிகப் பழைய கணினிகள். அவற்றின் பேட்டரிகள் செத்து வெகுநாள் ஆகிறது. கரண்டை நிறுத்திவிட்டு மறுபடி போட்டால், தாங்கள் தயாரான காலத்து ஜனவரி முதல் தேதிக்குப் போய் நிற்கும். புது பேட்டரி வேண்டும் என்று முதல்வர் ஜார்ஜிடம் பலமுறை கேட்டுவிட்டாள். அடுத்த வருஷம் புதுக் கணினியே வாங்கப்போகிறோமே என்பார் அவர். அதனால் அவளே ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தாள். கணினியைப் போட்டதும் அது கல்லூரி சர்வரிடம் மணி கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். இப்படி ஒரு கோளாறு இருப்பதே மாணவர்கள் யாருக்கும் தெரியாது.

அன்று காலை தேர்வு நிறுவனத்தார் வந்ததும் கல்லூரி சர்வரின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தங்கள் சர்வரைச் செருகினார்கள். அதுதான் விதிமுறை. அவளுடைய நிரலுக்கு மணி சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. மேற்பார்வைக்கு வந்திருந்தவன் வெற்றி. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஓயாத போனுமாக அலைந்துகொண்டிருந்தான். ஜன்னலோர வரிசையில் தேதியே தப்பாக இருக்கிறது, ஆரம்பிப்பதற்கு முன்னால் சரிசெய்துவிடுங்கள் என்று அவனிடம் சொன்னாள். எங்கள் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று தலையை நிமிர்த்தாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அது பார்த்துக்கொள்ளவில்லை. தேர்வுக்கு நடுவில் அவனுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ‘ஆமா சார், சில சிஸ்டத்துல பழைய டேட் காட்டுது, இப்பவே மாத்திடறேன் சார்’ என்று அவன் சொன்னது கரோலின் காதில் விழுந்தது. அவள் எழுந்து அவனை எட்டுவதற்குள், எல்லாக் கணினிகளின் கடிகாரத்தையும் ஒரே அடியில் திருத்தும் நிரலை அவன் தன் இடத்திலிருந்தே ஓட்டிவிட்டான். தேர்வு மென்பொருளோ, மிச்சமிருக்கும் நேரத்தை அந்தந்தக் கணினியின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலோரம் மட்டும் கடிகாரம் ஒரே தாவலில் பல வருஷங்களைத் தாண்டியது. நேரம் முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மென்பொருள் விடைகளை வாங்கி வைத்துவிட்டுக் கடையைச் சாத்திவிட்டது.

கைகள் உயர்ந்தன. வெற்றி வரிசையின் முன்னால் போய் நின்றான். சப்மிட் பட்டனை அமுக்கிவிட்டீர்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது, எழுந்து வெளியே போங்கள், மற்றவர்கள் எழுதவேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அந்தப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண் அழத் தொடங்கினாள். வாசலில் பெல்ட்டையும் வாட்ச்சையும் கழற்றச் சொன்னபோது எப்படிக் கழற்றினார்களோ, அப்படியே இப்போதும் எழுந்து போனார்கள்.

ஒருத்தி மட்டும் எழவில்லை. முப்பதைத் தாண்டியவள். கைகளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு வெற்றியைப் பார்த்தாள்.

“நான் ஒண்ணியும் அமுக்கல சார். கேள்வி படிச்சிகினு இருந்தேன், தானா பூட்ச்சி.”

“எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. கை பட்டிருக்கும்.”

“இந்த வரிசைல இருந்த அத்தினி பேருக்குமா ஒரே நேரத்துல கை பட்டுச்சு?”

எழுந்திருக்காவிட்டால் போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றான் வெற்றி. கூப்பிடுங்கள் என்றாள் அவள். அவள் பெயர் மதி என்று மேசையில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தது.

கரோலின் வெற்றியைக் கதவோரம் அழைத்துப்போனாள். நடந்தது அவனுக்கு விளங்கவில்லை போலும், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வான் என்றுதான் நினைத்தாள். அவள் பேசி முடிப்பதற்குள் அவனே தலையாட்டினான்.

“தெரியும் மேடம். மேல சொல்லிட்டேன். ‘கேண்டிடேட்டே சப்மிட் பண்ணிட்டாங்கன்னு போட்டு முடிச்சிடு’ன்னாங்க. நான் என்ன பண்றது?”

தெரியாமல் செய்தது ஒன்று. தெரிந்த பிறகு, உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் அதைக் கட்டுவது வேறு. அந்த அலுவலகத்தில் ஒருவன் போனைக் காதில் வைத்தபடி ஒரே வாக்கியத்தில் ஒரு வரிசை மனிதர்களைப் பொய்யர்களாக்கிவிட்டான். அவர்களில் ஒருவரையும் அவன் பார்த்ததுகூட இல்லை. கரோலின் திரும்பி உள்ளே போய் மதிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசக் கூடாது என்பது விதி. “நீங்க அமுக்கலன்னு எனக்குத் தெரியும். எந்திரிக்காதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

மற்ற வரிசைகளில் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மதி வெறும் வெள்ளைத் திரைக்கு முன்னால் அசையாமல் இருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கரோலின் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். பிறகு தானாகவே, உதடு அசைவது தெரியாமல், தன்னைப் பற்றிச் சொன்னாள். எம்.கே.பி. நகரில் வீடு. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவள். மூலக்கொத்தளத்தில் ஒரு கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறாள். வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. அம்மா அம்மு, தேர்வு முடிந்து இவள் வருவாள் என்று வெளியே பெட்டிக்கடை நிழலில் காத்துக்கொண்டிருக்கிறாள்.

தேர்வு முடிந்து மற்றவர்கள் கலைந்ததும் முதல்வர் ஜார்ஜ் வந்தார். வெற்றி அவரிடம் ஏற்கெனவே பேசியிருந்தான். மதியம் எழுதவேண்டிய அடுத்த பிரிவு ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், அந்தப் பெண்ணை எழுப்பிவிடுங்கள், புகார் இருந்தால் ஈமெயில் போட்டுக்கொள்ளட்டும் என்றார். கரோலின் நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, இது நம் பிரச்சினை இல்லையே, நாம் இடம் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதானே என்றார். நம் கூரைக்குக் கீழே நடந்தது என்றாள் அவள். கரோலின் போய்ப் பார்வையாளரைக் கூட்டிவந்தாள். வேலைக்கு ஆள் எடுக்கும் துறையின் சார்பில் வந்திருந்த அதிகாரி அவர், பெயர் மஜீது. காலையிலிருந்து கீழ்த்தளத்து ஹாலில் இருந்தார்.

மஜீது முதலில் மதியைத்தான் கேட்டார். என்னம்மா நடந்தது?

“வாசல்ல வாட்ச்ச கழட்டிட்டாங்க சார். செவுத்துல இருந்த கடியாரத்துக்கும் பேப்பர் ஒட்டிட்டாங்க. ஸ்கிரீன்ல காட்டுறதுதான் டைமுன்னாங்க. சரின்னு நம்பி உக்காந்தேன். இப்போ அந்த டைமும் பூட்ச்சி, நான் சொல்றதும் பொய்யின்றாங்க.”

மஜீது வெற்றியைத் திரும்பிப் பார்த்தார். அவன் தன் மடிக்கணினியை நீட்டினான். விண்ணப்பதாரர் சமர்ப்பித்தார் என்று பதிவாகியிருப்பதைக் காட்டினான். எப்போது ஆரம்பித்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று கரோலின் கேட்டாள். அவன் தயங்கினான். மஜீது தானே குனிந்து படித்தார். பல வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதி. முடிந்தது இன்று.

“இத்தனை வருஷமா எழுதியிருக்கீங்களாம்மா” என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஆமா சார். அத்தினி வருஷமாத்தான் பரீச்ச எழுதிகினு கீறேன்” என்றாள் மதி. அவள் முகத்திலும் இல்லை.

இது ஒன்று போதாது, சிஸ்டம் கோளாறில் தேதி தப்பாக விழுந்திருக்கும், பட்டனை அவர் அமுக்கவில்லை என்பதற்கு இது சாட்சி ஆகாது என்று வெற்றி சொன்னான். சொல்லும்போது குரல் உள்ளே போயிற்று. கரோலின் மஜீதை வரிசையின் கடைசிக் கணினிக்கு அழைத்துப்போனாள். யாருக்கும் ஒதுக்காத உபரிக் கணினி அது. அதைச் சுவரிலிருந்து பிடுங்கி மறுபடி செருகினாள். திரை வந்தது. மூலையில் அதே பழைய ஜனவரி. நிறுவனத்தின் மாதிரித் தேர்வு அதில் இருந்தது. நீங்களே உட்காருங்கள், ஆரம்பித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள் என்றாள். மஜீது உட்கார்ந்து தேர்வை ஆரம்பித்தார். டைமர் ஓடியது. கையைக் கட்டிக்கொண்டார்.

“காலைல என்ன பண்ணீங்களோ, அதையே இப்ப பண்ணுங்க” என்றாள் வெற்றியிடம்.

அவன் நின்றுகொண்டே இருந்தான்.

“பண்ணுங்க தம்பி” என்றார் மஜீது.

அவன் போய் விசைகளைத் தட்டினான். மஜீதின் கண்ணெதிரே கேள்வி மறைந்தது. ‘தங்கள் தேர்வு சமர்ப்பிக்கப்பட்டது. நன்றி.’ கட்டிய கையை அவர் பிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த நன்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெற்றியிடம், உங்கள் ஆபீஸுக்குப் போன் போடுங்கள் என்றார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனில் பேசிய அதிகாரி முதலில் மறுத்தார். பார்வையாளரே உட்கார்ந்து பார்த்துவிட்டார் என்றதும் பேச்சை மாற்றினார். கோளாறு எங்கள் நிரலில் இல்லை. செத்த பேட்டரியோடு கணினி கொடுத்தது கல்லூரியின் குற்றம், அறிக்கையில் அப்படித்தான் போடவேண்டும் என்றார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. ஜார்ஜின் முகம் மாறியது. அவர் கரோலின் பக்கம் திரும்பினார்.

“பேட்டரியெல்லாம் பாத்துக்கறது உங்க வேலைதானே கரோலின்?”

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கரோலின் ராயபுரத்துப் பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு வருபவள். அன்றைக்கு அது அவளைக் கேட்காமலே வெளியே வந்தது.

“இன்னா சார் பேசுறீங்க? பேட்டரி வோணும்னு எத்தினி வாட்டி உங்க ரூமுக்கு வந்துகீறேன்? அது செத்துப்போனதும் நெசம், காலைலயே நான் அவர்கிட்ட சொன்னதும் நெசம், பரீச்ச நடக்கும்போது அவர் டைம மாத்துனதும் நெசம். எல்லாத்தையும் எழுதுங்க. என் பேரையும் எழுதிக்கோங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இவங்க அமுக்குனாங்கன்னு மட்டும் எவனும் எழுதக் கூடாது.”

வாசலில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மஜீது தன் பேனாவை எடுத்தார். இன்று காலை இந்த வரிசையில் எழுதிய எல்லோருக்கும் மறுதேர்வு வைக்கவேண்டும் என்று பரிந்துரைப்பதாகச் சொன்னார். அடுத்த பிரிவு தொடங்குமுன் ஒவ்வொரு கணினியின் கடிகாரத்தையும் அவர் நடந்து நடந்து பார்த்தார். மதி அப்போதுதான் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டு, நன்றி எதுவும் சொல்லாமல், கரோலினின் போன் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

கரோலினிடம் கல்லூரி விளக்கம் கேட்டது. முன் அனுமதி இல்லாமல் வெளியாரிடம் கல்லூரிக்கு எதிராகப் பேசியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். பேட்டரி பற்றி ஒரு சொல் இல்லை. ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டு அவளை முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்த அனுப்பினார்கள். வெற்றியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். போனில் பேசிய அந்த அதிகாரியின் பெயர்கூடக் கடைசிவரை வெளியே வரவில்லை. மற்றதையெல்லாம் விட இதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் அப்பா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், சாப்பிடும்போது அவளை இரண்டு நாள் பார்த்துவிட்டு, நீ சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்புறம் ஏன் சோற்றை அளைந்துகொண்டிருக்கிறாய் என்றார்.

மறுதேர்வு நடந்தது. மதி எழுதினாள். தேர்ச்சி பெற்று, அடுத்த கட்டமான தொழில்திறன் தேர்வுக்கு அவள் பெயர் வந்தது. கடையிலிருந்து போன் செய்து சொன்னாள். பின்னால் மோட்டார் ஓடும் இரைச்சல். கரோலினுக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் மதி குரலில் முழுச் சந்தோஷம் இல்லை.

“மேடம், மறுதேர்வுக்கு எங்க வரிசைல பாதிப் பேருதான் வந்தாங்க. மீதி பேரு எங்கன்னே தெரியல.”

மறுதேர்வு அறிவிப்பை நிறுவனம் தன் இணையதளத்தில் ஒரு மூலையில் போட்டு, ஈமெயிலும் அனுப்பியிருந்தது. ‘தவறுதலாகச் சமர்ப்பிக்கப்பட்ட தேர்வுகள் தொடர்பாக’ என்று தலைப்பு. ஈமெயில் என்பது யாரோ பிரவுசிங் சென்டரில் உருவாக்கிக் கொடுத்த ஒன்றாக இருப்பவர்களுக்கு அது எங்கே போய்ச் சேரும்? போன் பண்ணியிருக்கலாம். எண் அவர்களிடம் இருந்தது. பண்ணவில்லை.

வராதவர்களில், அன்று வாசல் சோதனையின்போது தனக்குப் பின்னால் நின்ற ஒருவரை மதிக்கு நினைவிருந்தது. துரை என்று பெயர். எண்ணூரில் நிலக்கரி யார்டில் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த வாரம் ஒருநாள் வேலை முடிந்ததும் கரோலினும் மதியும் எண்ணூருக்குப் போனார்கள். யார்டு வாசலில் கேட்டு, டீக்கடையில் கேட்டு, கடைசியில் ஷிப்ட் முடிந்து வந்தவர்களுக்கு நடுவில் மதி அவரை அடையாளம் கண்டுகொண்டாள். கண்ணிமையெல்லாம் கரி. கரோலின் யார் என்று சொன்னதும் அவர் சங்கடத்தோடு சிரித்தார்.

“அன்னிக்கு என் கைதான் பட்டுட்ச்சு போல மேடம். ரெண்டு ராத்திரி ஷிப்ட் பாத்துட்டு வந்தேன், கண்ண சொருகிகினு இருந்துச்சு. வூட்ல கூட அப்டித்தான் சொல்லிட்டேன். என் பொஞ்சாதி ஒரு வாரம் பேசல.”

கரோலின் அங்கேயே, லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் ரோட்டோரத்தில் நின்றபடி, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். செத்த பேட்டரி, பழைய தேதி, போன் அழைப்பு, ஒரு நிரல் கடிகாரத்தை மாற்றியது, பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. மறுதேர்வு நடந்து முடிந்துவிட்டதையும் சொன்னாள். துரை முழுவதையும் கேட்டுவிட்டுத் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

“அப்போ இத்தினி நாளா ஏன் எனுக்கு யாரும் சொல்லல?”

கரோலின் அங்கிருந்தே மஜீதுக்குப் போன் செய்தாள். அவர் எடுத்தார். முழுதும் கேட்டார். துரையை ஒரு மனு எழுதித் தரச் சொல்லுங்கள், மேலே பேசுகிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார். மதி டீக்கடைக்காரரிடம் பேனா கேட்டுக்கொண்டிருந்தாள்.